இருபத்தேழாவது வாரம்

பிப்ரவரி 9

அன்புள்ள சித்திக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம். மழை நின்றதும் அம்மாவின் முதுகுவலி பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதியை என்மேல் எரிந்து விழுந்து தீர்த்துக்கொள்கிறாள். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நூலகத் தூசியில் நிற்கிறீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தி. நம் விளக்குக் கதைத் தொடரின் பத்தொன்பதாவது வாரம் கிடைத்துவிட்டது! பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் ஒரு சாக்கு நிறைய ஐம்பத்து நாலாம் வருடத்து இதழ்கள் வந்திருந்தன. முக்கால்வாசி கரையான் தின்றது. அதற்குள் இந்த ஒன்று மட்டும் முழுசாகக் கிடந்தது. நான் வாங்கியதைப் பார்த்து எங்கள் பைண்டிங் கடை முதலாளி, "இங்க புத்தகம் தைக்கத்தான் ஆள் வச்சிருக்கேன், படிக்கிறதுக்கு இல்ல" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் ஊசியக்கா விடவில்லை. "படிக்காம தைச்சா பக்கம் மாறிப் போவும் முதலாளி, போன மாசம் நீங்க தைச்ச அகராதி மாதிரி" என்றாள். அவர் பசைவாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முப்பத்தாறு வாரத்தில் முப்பத்தைந்து நம் கையில். பாக்கி இருபத்தேழு ஒன்றுதான். விளக்குக்காரர் மகள் எண்ணெய்க் கேனுடன் கலங்கரை விளக்கத்தில் ஏறுகிறாள், விளக்கு எரிய மாட்டேன் என்கிறது, பனிமூட்டத்தில் கப்பல் ஊதுகிறது. அதோடு இருபத்தாறு முடிகிறது. இருபத்தெட்டில் கப்பல் பத்திரமாகக் கரையில் நிற்கிறது. கேப்டன் நன்றி சொல்ல வந்து கதவைத் தட்டுகிறார், அவள் திறக்கவே இல்லை. ஏன் திறக்கவில்லை? எட்டு வருடமாக நாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி.

வழக்கம்போல் கையால் படியெடுத்து அனுப்புகிறேன், நம் நோட்டில் சேர்த்துவிடுங்கள். மூல இதழைத் தபாலில் போட்டால் உங்களுக்கு மாவுதான் வந்து சேரும். நம் சட்டம் நினைவிருக்கிறதல்லவா? கண்டெடுத்தவர் எழுதி அனுப்ப வேண்டும், மூன்றாவது ஆள் கண்ணில் காட்டக் கூடாது.

நீங்கள் போனபிறகு அறை பெரிதாகத் தெரிகிறது. அடுப்பு மட்டும் மாறவில்லை. கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு, அப்புறம்தான் எரிகிறது.

உங்கள்
முணுமுணு


பிப்ரவரி 21

என் முணுமுணுவுக்கு,

இருமல் போய்விட்டது. அக்காவிடம் வெந்நீர் ஒத்தடத்தை விட வேண்டாம் என்று சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. பசை வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொல்லித் தப்பிக்காதே.

பத்தொன்பதைப் படித்தேன். நீ உதட்டை அசைத்து முணுமுணுவென்று படிப்பது பக்கத்தில் கேட்பதுபோல் இருந்தது.

இங்கே ஒருத்தி வந்திருக்கிறாள். கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. பழைய பெண்கள் இதழ்களைப் பற்றித்தான் எழுதுகிறாளாம். தினமும் பத்து மணிக்கு வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். வாயைத் திறந்தால் தடதடவென்று நிற்காமல் ஓடும். நான் அவளுக்கு டைப்ரைட்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நேற்று அவளே விளக்குக் கதையைப் பற்றிப் பேச்செடுத்தாள்! "அந்தத் தொடர் உங்ககிட்ட இருக்கா மேடம்? முழுசாவா? பொய் சொல்லாதீங்க!" என்று துள்ளிவிட்டாள். நம்மைத் தவிர அதைப் பற்றிக் கவலைப்பட உலகத்தில் இன்னொரு ஆள் இருக்கிறாள் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்புடன்
சித்தி


மார்ச் 3

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலம். ஒத்தடம் கொடுக்கிறோம்.

உங்களுக்குப் பேச்சுத்துணை கிடைத்ததில் சந்தோஷம். ஆராய்ச்சிப் படிப்பு என்றால் பதினெட்டு வருடம் படித்திருப்பார்களா? நான் ஒன்பதாவதோடு நின்றதால் கணக்கு சரியாகத் தெரியவில்லை.

நோட்டைக் காட்டிவிட்டீர்களா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை.

இந்த வாரம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகள் தைக்கிறோம். வேலை அதிகம்.

முணுமுணு


மார்ச் 31

என் கண்ணுக்கு,

இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன், மன்னித்துவிடு. அக்காவின் முதுகுக்கு இங்கே ஒரு தைலம் கிடைத்தது, தனியாக அனுப்பியிருக்கிறேன்.

ஆமாம், காட்டிவிட்டேன். நம் சட்டத்தை மீறியது நான்தான். அவள் ஒரே நாளில் மொத்த நோட்டையும் படித்துவிட்டாள். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்து, "யாரு மேடம் இந்தப் பாதி எழுதினது? அச்சு மாதிரி இருக்கு" என்று கேட்டாள்.

இனி வருவது பெரிய செய்தி. டைப்ரைட்டருக்குத் தெரிந்த ஒரு சிறு பதிப்பகம் விளக்குக் கதையைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டிருக்கிறது. எழுதிய அம்மா காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் மகனைத் தேடிப் பிடித்து அனுமதிக் கடிதமும் வாங்கிவிட்டாள். இருபத்தேழு மட்டும்தான் குறை. அதற்கும் வழி தேடியிருக்கிறாள். அந்த வருடத்து இதழ்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு பெரியவர் அடுத்த ஊரில் இருக்கிறாராம். மே மாதம் வரச் சொல்லியிருக்கிறார். "இருபத்தேழ நான் கையோட கொண்டாந்து உங்க மேசைல வைக்கல, என் பேர மாத்திக்கிறேன்" என்று சபதம் போட்டிருக்கிறாள். எட்டு வருடம் நாம் தேடியது! அதே நினைப்பில் நேற்று இரண்டு புத்தகத்தைத் தப்பான அலமாரியில் வைத்துவிட்டேன்.

உனக்கும் சந்தோஷம்தானே?

சித்தி


ஏப்ரல் 12

அன்புள்ள சித்திக்கு,

தைலம் வந்தது. அம்மா முதுகில் தேய்த்ததைவிட முகர்ந்ததுதான் அதிகம். நான் சுகமாக இருக்கிறேன். இப்போது புத்தகங்களைச் சரியான அலமாரியில் வைக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

டைப்ரைட்டரிடம் எங்கேயும் அலைய வேண்டாம் என்று சொல்லுங்கள். இருபத்தேழு எனக்குக் கிடைத்துவிட்டது.

பேப்பர் கடையில்தான் கிடைத்தது. அதை ஏற்கெனவே வேறு ஒருவர் கேட்டு வைத்திருந்தாராம். மாலைக்குள் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அட்டைக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வேகமாக எழுதினேன். அதனால் மூல இதழ் என்னிடம் இல்லை. பதினோரு பக்கம் இத்துடன் இருக்கிறது.

அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது சித்தி. அந்தக் கப்பலில் அவளுடைய அப்பாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் வருகிறாள். அது தெரிந்ததும் அவள் விளக்கை உடனே ஏற்றாமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஏற்றிவிடுகிறாள். ஆனால் நின்றது நின்றதுதானே.

முதலில் படிப்பது நீங்களாக இருக்க வேண்டும். அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

உங்கள்
முணுமுணு


மே 17

முணுமுணுவுக்கு,

நலமா? இங்கே வெயில் தாங்கவில்லை. அதனால்தான் தாமதம்.

படித்தேன். நன்றாக இருக்கிறது.

டைப்ரைட்டரிடமும் கொடுத்தேன். என் எதிரில் உட்கார்ந்தே படித்தாள். "மொத்தக் கதையிலயும் இதுதான் மேடம் உச்சம்" என்றாள். மூல இதழைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பழைய தாள், கைமாறிப் போய்விட்டது, குழந்தையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் நன்றி என்று போட்டு உன் பெயரைச் சேர்க்கிறோம். எட்டு வருடமாகக் கிடைக்காத வாரத்தைக் கண்டுபிடித்தவள் என்று.

ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் அந்த அடுப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறதா?

சித்தி


மே 25

அன்புள்ள சித்திக்கு,

வெயிலில் வெளியே போகாதீர்கள். அம்மா உங்களை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

அடுப்பு அப்படியேதான் இருக்கிறது. திடீரென்று அதை ஏன் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை. புதிது வாங்கி அனுப்பும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

என் பெயர் எதற்கு? போட வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

முணுமுணு


ஜூன் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நான்தான் டைப்ரைட்டர். உங்க சித்தி வைத்த பெயர் எனக்குத் தெரியும்! கோபமெல்லாம் இல்லை, பொருத்தமாகத்தான் இருக்கிறது. நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முன்பின் பார்க்காதவள் கடிதம் போடுகிறாளே என்று பயப்படாதே. முகவரியை மேடத்தின் மேசையில் இருந்த உறையைப் பார்த்துத் திருடிவிட்டேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். மூல இதழ் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அந்தப் பெரியவர் வீட்டுக்கு மே மாதம் போயிருந்தேன். அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறார், ஆனால் நமக்கு வேண்டிய அந்த ஒரு மாதம் மட்டும் இல்லை. நீ மட்டும் கண்டுபிடித்திருக்காவிட்டால் ஓட்டையோடுதான் புத்தகம் வந்திருக்கும். அவள் விளக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிற இடம் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

ஜூலை பதினைந்தாம் தேதிவாக்கில் இருபத்தேழு அச்சேறும். உன் பெயரைப் போட வேண்டாம் என்றாயாம், மேடம் சொன்னார்கள். அதெல்லாம் முடியாது. முதல் பக்கத்தில் உன் பெயர் தனியாக ஒரு வரியில் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் கொஞ்சம் பொறாமை. என்னோடு மேடம் நாள் முழுக்கப் பேசுவார்கள். உன் கடிதம் வந்தால் மட்டும் ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்த் தனியாகப் படிப்பார்கள். ஒரு வரிகூடக் காட்ட மாட்டார்கள்.

உன் அக்கா
(நீ ஒப்புக்கொண்டால்)


ஜூலை 5

அன்புள்ள சித்திக்கு,

அம்மா சுகம். நான் சுகமாக இருக்கிறேனா என்று தெரியவில்லை. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதை இழுத்தால் எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை ஒரு பழைய வைத்தியப் புத்தகம் மறுபைண்டிங்குக்கு வந்தது. அட்டை உளுத்துப் போயிருந்தது. அந்தக் காலத்தில் அட்டை பற்றாவிட்டால் பழைய இதழ்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி அட்டை செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டேன். பசை கரைந்து மேல்தாள் உரிந்தது. உள்ளே விளக்குக்காரர் மகளின் படம். அதே ஓவியர், அதே பின்னல். கீழே இருபத்தேழு என்று போட்டிருந்தது.

முன்னட்டையில் இரண்டு தாள், பின்னட்டையில் ஒரு தாள். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊசியக்கா, "என்னடி, பேய பாத்த மாதிரி நிக்கிற?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். கையை மூடி நன்றாகக் கசக்கினால் போதும், ஈரத்தாள், கூழாகிவிடும். யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கசக்குவதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடலாம் என்று படித்தேன்.

அவள் விளக்கை ஏற்றவே இல்லை சித்தி. ஏற்றத் தெரியவில்லை. அழுதுகொண்டே மேலே உட்கார்ந்திருக்கிறாள். கீழே கரையில் மீன்காரர்கள் உடைந்த படகைக் கொளுத்துகிறார்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கப்பல் தப்பிக்கிறது. கேப்டனோ இவள்தான் காப்பாற்றினாள் என்று நினைத்து நன்றி சொல்ல வருகிறார். தான் செய்யாததற்கு நன்றி வாங்க முடியாமல்தான் அவள் கதவைத் திறக்கவில்லை.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயர் தனியாக ஒரு வரியில் வருகிறது என்று டைப்ரைட்டர் எழுதியிருந்தாள்.

ஏப்ரலில் நான் அனுப்பிய படியில் சில பிழைகள் இருந்தன. பதினோரு பக்கத்திலும் இருந்தன. எல்லா வரியிலும் இருந்தன. சரியான படியை இத்துடன் வைத்திருக்கிறேன். பசை தின்ற இடங்களில் நானாக எதையும் நிரப்பவில்லை, வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன். மூலத்தாள்களைக் காயவைத்து இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அவளே கண்டுபிடித்து உங்கள் மேசையில் வைப்பாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. முப்பத்தைந்து வாரத்தில் பாதியை நான் படியெடுத்தவள். அந்த அம்மா எங்கே நிறுத்துவார், எங்கே கேள்வியில் முடிப்பார் என்று கைக்குத் தெரியும். எழுத ஆரம்பித்தேன், நிற்கவில்லை. வேறு காரணம் இல்லை.

அச்சை நிறுத்திவிடுங்கள். அப்புறம் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

முணுமுணு


ஆகஸ்ட் 4

அன்புள்ள சித்திக்கு,

நலம்தானே? ஜூலை ஐந்தாம் தேதி போட்ட கடிதம் கிடைத்ததா? தபால்காரர் நம் தெருவுக்கு வரும் நேரத்தில் எனக்குக் கடையில் வாசல் பக்கம்தான் ஏதாவது வேலை இருக்கிறது. முதலாளி கேட்டுவிட்டார், "வாசல்ல என்ன ஒட்டிக்கிட்டு நிக்கிற?" என்று.

பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். அப்படி இருக்க முடியவில்லை.

முணுமுணு


ஆகஸ்ட் 27

என் முணுமுணுவுக்கு,

அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கும் தைரியம் இன்றைக்குத்தான் வந்தது. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் நான்கே நாளில் கிடைத்துவிட்டது. அச்சகத்தில் அப்போது இருபத்திரண்டு வாரம் ஓடியிருந்தது. மூலம் கிடைத்துவிட்டது என்று சொல்லிப் புதுப் படியைக் கொடுத்தேன். வெற்றிடங்களோடு அப்படியே அச்சாகிறது. அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

பதில் போடாதது உன்மேல் கோபத்தினால் இல்லை. ஏழு வாரமாக ஒரு வரி எழுதுவேன், நிறுத்துவேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும்.

மூன்றாவது பக்கத்தில் தெரிந்துவிட்டது. விளக்கு எரியாதபோது உன் கதைப் பெண் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டுகிறாள், உள்ளங்கையால் ஒரு தட்டு. அது எந்தக் கடலோரத்து விளக்கும் இல்லை, நம் வீட்டு அடுப்பு. சிரித்துவிட்டேன். குறும்புக்காரி என்று எழுதிப் போடத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் டைப்ரைட்டர் வந்து அதை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள். அவள் கண் விரிந்ததை நான் எதிரில் இருந்து பார்த்தேன். இதுதான் உச்சம் என்றாள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் பத்து வருடமாகக் கதை எழுதுகிறேன். நம் அறையில் உன்னோடு இருந்தபோதும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ துணி துவைக்கப் போனதும் எழுதுவேன், நீ வருவதற்குள் கிழித்துவிடுவேன். ஒரு வரிகூட யாரையும் டைப்ரைட்டர் மாதிரி பஸ் நிறுத்தத்தைத் தவறவிடச் செய்யாது. ஒன்பதாவதோடு நின்ற நீ, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அட்டைக்கட்டுக்குப் பின்னால், கோபத்தில் எழுதியது செய்கிறது.

அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். அச்சாகட்டும், செத்துப்போன வேறொருவர் பெயரில் அது போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். கண்டுபிடித்தவள் என்று உன் பெயரைப் போட்டால், எழுதியது நான் என்று நீ ஒரு நாளும் யாரிடமும் சொல்ல முடியாது என்று நினைத்தேன். நன்றிப் பக்கத்தில் உன் பெயரைப் போடச் சொன்னது டைப்ரைட்டர் இல்லை. நான்.

நீ கொஞ்ச நேரம்தான் விளக்குப் பக்கத்தில் சும்மா நின்றாய். நான் மூன்று மாதம் நின்றேன்.

போன வாரம் டைப்ரைட்டர் இரண்டு படிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அப்ப இந்த மொதப் பிரதிய யாரு மேடம் எழுதினது?" என்று கேட்டாள். என் அக்கா மகள் என்றேன். உடனே அந்த முதல் பிரதியை எடுத்துத் திரும்பவும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

இதைப் படித்தபின் நீ என்னை எப்படிக் கூப்பிடுவாய் என்று தெரியாததால் கையெழுத்துப் போடவில்லை.


செப்டம்பர் 3

அன்புள்ள சித்திக்கு,

சித்தி என்றுதான் கூப்பிடுவேன். வேறு என்னவென்று கூப்பிடுவது?

அம்மா இப்போது வலியில்லாமல் நடக்கிறாள். நேற்று அடுப்பைத் தானே தட்டி ஏற்றினாள். நானும் சுகம். நீங்கள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது. இனி தூங்குங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. இரண்டாவது முறை கோபம் வந்தது. மூன்றாவது முறை படித்தபோது, சித்திக்கு என்மேல் பொறாமையா என்று ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. அது தப்பா என்று தெரியவில்லை. ஊசியக்காவிடம், பேர் சொல்லாமல் கேட்டேன். "யாராவது நம்மள பாத்துப் பொறாமப்பட்டா நாம ஏதோ வச்சிருக்கோம்னு அர்த்தம். என்ன வச்சிருக்கன்னு தேடிப் பாரு" என்றாள். எனக்கும் இவ்வளவு நாளாக டைப்ரைட்டரைப் பார்த்து வயிறு எரிந்தது. அவளுக்கு என்னைப் பார்த்து எரிந்ததாம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறோம், விளக்குத்தான் எரியவில்லை.

நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருக்கட்டும். மூலத்தைக் கண்டெடுத்தது இப்போது நிஜம்தானே. ஏப்ரல் படியை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். அவள் சும்மா நின்ற பிறகு என்ன செய்தாள் என்று எனக்கு இன்னும் கொஞ்சம் தோன்றுகிறது.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் கிழித்ததைக் குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள். பழைய பஸ் டிக்கெட்டைக்கூடப் புத்தகத்துக்குள் செருகி வைப்பவர் நீங்கள். அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியின் அடியில்தான் இருக்கும். வரிசை கலைந்திருந்தாலும் பரவாயில்லை, பொடிப்பொடியாக இருந்தாலும் பரவாயில்லை. ஓர் உறையில் கொட்டி அப்படியே அனுப்புங்கள். மெல்லிய தாளும் நல்ல பசையும் தயாராக வைத்திருக்கிறேன். கிழிந்ததை ஒட்டுவதுதான் என் தொழில்.

ஆனால் ஒன்று. நான் படித்து முடிக்கும்வரை அது டைப்ரைட்டர் கண்ணில் படக் கூடாது.

உங்கள்
முணுமுணு